அடிமடிப்பில் ஒரு மீன்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னவளை மூன்று வெள்ளைப் பெட்டிகளுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். விட்ட இடத்தில்தான் இருக்கிறாள். பாவம், கண்தான் கொஞ்சம் சிவந்திருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வார்த்தை. இது அட்டைப்பெட்டி செய்கிற குடும்பம். அப்பா இல்லை. அம்மாவும் மூன்று பிள்ளைகளும். பெரியவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவன். எங்கே இருக்கிறான் என்று யாரும் பேசுவதில்லை. இரண்டாமவன்தான் இப்போது பட்டறையை நடத்துகிறான். கடைக்குட்டி சின்னவள். பெட்டிகளுக்கு வடிவம் போடப் படித்தவள். பெரிய இடத்து வேலையை உதறிவிட்டு ஆறு மாதத்துக்கு முன் பட்டறையோடு வந்து ஒட்டிக்கொண்டாள்.

இவர்களுக்குச் சோறு போடுவது ஒரு தேயிலைக் கம்பெனி. சந்தா கட்டினால் மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும். பெட்டிக்குள் நாலு டப்பா, நாலு வகைத் தேயிலை. இரண்டாயிரம் பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள். முதல் மாதத்திலிருந்து பெட்டி இவர்களுடையதுதான். அந்த ஆர்டரைப் பேசி முடித்ததே பெரியவன். முதல் பெட்டி வெளியே போவதற்குள் அவனே வெளியே போய்விட்டான்.

இப்போது கம்பெனிக்காரம்மாவுக்குப் பெட்டி கசந்துவிட்டது. "ஆரம்பத்துலேர்ந்து இருக்கற சந்தாதாரர் ஒருத்தர் ஃபோன் பண்ணி, பெட்டி முன்ன மாதிரி இல்லைன்னுட்டார். புதுசா யோசிச்சுக் கொண்டாங்க" என்று இவர்களுக்கும் வேறு இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பிவிட்டாள். இன்று மாலை நாலு மணிக்கு இவர்கள் முறை.

*

"ஒண்ணொண்ணா பாருண்ணா. பாத்துட்டுத் திட்டு" என்றாள் சின்னவள்.

அண்ணன் காதிடுக்கில் பென்சிலோடு வந்து நின்றான். பேச்சைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிற ஆள். அவனிடமிருந்து திட்டு வாங்குவதே பெரிய காரியம்.

முதல் பெட்டி மேசை இழுப்பறை மாதிரி இழுத்துத் திறப்பது. இரண்டாவது பெட்டியில் பக்கத்துச் சுவரில் ஒரு படத்தின் துண்டு. பன்னிரண்டு மாதப் பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் ஒரு முழு மலை தெரியும். அண்ணன் இரண்டையும் பார்த்து "உம்" என்றான். அவன் அகராதியில் அது பாராட்டு.

மூன்றாவதுதான் சின்னவளின் செல்லப்பிள்ளை. மேசைமேல் தட்டையாகக் கிடந்த ஒரே ஒரு தாள். இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாக அழுத்தினாள். தாள் எழுந்து பெட்டியாக நின்றது. மேலே இருந்த நாடாவை இழுத்தாள். நாலு சுவரும் பூவிதழ் மாதிரி நாலு பக்கம் மெல்லச் சாய்ந்து விரிய, நடுவில் நாலு டப்பாவும் கம்பீரமாக நின்றன.

ஐம்பது தடவை செய்து பார்த்துவிட்டாள். ஐம்பத்தோராவது தடவையும் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வந்தது. தட்டையாகக் கிடக்கிற ஒன்று எழுந்து நின்று தனக்குள் ஓர் இடத்தை உண்டாக்கிக்கொள்கிறதே, அந்த ஆச்சரியம் அவளுக்கு ஐந்து வயதில் இதே பட்டறையில் பிடித்தது. இன்னும் விடவில்லை.

அண்ணன் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"அடி எங்க?"

"அடிமடிப்பு தனியா கிடையாது. மெஷினே மடிச்சு ஒட்டிடும். விரிச்சா அடி தானா உக்காந்துக்கும்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "இதைச் சொல்லித்தான் இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தன் வெளிய போனான்."

சின்னவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மைதான். பெட்டி மடிக்கிற மெஷின் வாங்கவேண்டும் என்றான் பெரியவன். அப்படியானால் மடிக்கிற மேசையில் இருக்கும் ஐந்து பேரையும் எழுந்து போகச் சொல்கிறாயா, அதில் ஒருத்தி அம்மா என்று கேட்டான் இரண்டாமவன். பேச்சு தடித்தது. இருவரும் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னார்கள். கடைசியில் பெரியவன் வாசலில் நின்றுகொண்டு, "இந்தப் பட்டறைப் பெட்டி ஒண்ணுகூட என் வீட்டு வாசப்படியைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான்.

"மெஷின் வந்தா யாரையும் அனுப்பவேணாம்ணா. வேற வேலை குடுக்கலாம். இந்த ஆர்டரே போயிடுச்சுன்னா மேசை மட்டும் இருந்து என்ன பண்ண?"

"நாலு மணிக்குப் பேசப்போறது நீ. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு" என்று அவன் பஞ்சிங் மெஷினுக்குத் திரும்பிவிட்டான். அட்டையை வடிவத்துக்கு வெட்டும் அந்த மெஷின்தான் அவன் உலகம்.

மேசைக்கோடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நாலு நாள் முன்புதான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே, மற்ற நாலு பேரும் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சும்மா இருப்பது போலத்தான். ஆனால் எந்தப் பெட்டி கோணினாலும் கண் அங்கே போய்விடும்.

இந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. மடிக்கிறவர் ஒவ்வொருவரும் அடிமடிப்பின் உட்பக்கம் பென்சிலால் தன் அடையாளத்தைப் போடவேண்டும். பெட்டி பிரிந்துபோய்த் திரும்பி வந்தால் யார் கை என்று தெரியவேண்டுமே, அதற்காக. ஒருத்தி சுழி போடுவாள், ஒருத்தி இலை, ஒருத்தி ஏணி, ஒருத்தி நட்சத்திரம். அம்மாவுடையது மீன். பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் உடம்பும் வாலும் வந்துவிடும். இன்றுவரை மீன் போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. மடித்த பெட்டிகளுக்கு விலாசச் சீட்டு ஒட்டுவதும் அம்மாவின் வேலைதான். வேறு யார் ஒட்டினாலும் அவள் கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரியும்.

சின்னவள் பூப்பெட்டியை அம்மா முன்னால் வைத்து நாடாவை இழுத்துக் காட்டினாள்.

"அழகா இருக்குடி" என்றாள் அம்மா, நிஜமாகவே வாயைப் பிளந்து பார்த்துவிட்டு. அப்புறம் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கட்டைவிரல் எதைத் தேடியது என்று சின்னவள் அப்போது யோசிக்கவில்லை. பதினொரு மணிக்கு அவளுக்கு வேறு வேலை இருந்தது. "புகார் சொன்னவரைப் போய்ப் பாத்துட்டு அப்புறம் என்கிட்ட வாங்க" என்று கம்பெனிக்காரம்மா ஒரு விலாசம் கொடுத்திருந்தாள். பேர் இல்லை. புகார் சொல்கிறவர் பேரை அங்கே யாருக்கும் சொல்லமாட்டார்களாம். நம்பர் மட்டும்தான். பத்தொன்பது.

*

மூன்றாவது மாடி. லிஃப்ட் துளிச் சத்தமில்லாமல் கொண்டுபோய் விட்டது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"பெட்டி விஷயமா வரேன்னு சொன்னது நீங்கதானா? உள்ள வாங்க. சந்தா எங்க வீட்டுக்காரர் பேர்ல. அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை, காலையிலேயே போயிட்டார். நான் பதில் சொன்னா ஒத்துப்பீங்களா?"

"தாராளமா."

"டீ போடட்டுமா? எங்க வீட்டுல அதுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது."

அது அடக்கமான பேச்சு. சமையலறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை தேயிலை டப்பாக்கள். பாதிக்குமேல் சீல் உடைக்காதவை.

"அவர் ஒரு வாய் குடிக்கமாட்டார். சின்ன வயசுலேர்ந்தே ஆகாதாம். நான் ஒருத்தி எவ்வளவு குடிப்பேன்? அக்கம்பக்கம் எல்லாருக்கும் குடுத்துப் பாத்துட்டேன். இப்பல்லாம் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கறாங்க."

சின்னவள் சிரித்தாள். டீ ஆகாத ஒருவனை அவளுக்கும் தெரியும். ஆனால் ஊரில் அப்படி எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று அந்த நினைப்பை மேலே வளர்க்கவில்லை. நோட்டைத் திறந்தாள்.

"டீ குடிக்காதவர் எதுக்கு மூணு வருஷமா சந்தா கட்றார்?"

"பெட்டிக்கு" என்றாள் அந்தப் பெண். "எழுதிக்காதீங்க, முதல்ல வந்து பாருங்க. கால் வைக்கறப்ப ஜாக்கிரதை. வாசல்லயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு."

உள்ளறைக் கதவு திறந்தது. சின்னவள் ஒரு காலை உள்ளே வைத்தவள், மற்றக் காலை எடுக்க மறந்துபோனாள்.

தரை முழுவதும் ஒரு ஊர்.

முழங்கால் உயரத்துக்கு மாடி வீடுகள். ஜன்னல் ஜன்னலாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடுகிற கதவு. வளைந்து ஏறும் தெரு, தெரு ஓரத்தில் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி. ஒரு மருத்துவமனை, ஒரு பேருந்து நிலையம், துணி காயப்போட்ட மொட்டைமாடிகள். எல்லாம் அட்டை. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பழுப்பு அட்டை. எங்கும் ஒரு சொட்டுப் பசை இல்லை. மடிப்புக்குள் மடிப்பைச் செருகியே அத்தனையும் நின்றன.

அந்தப் பெண் குனிந்து ஒரு நூலை இழுத்தாள். ஆறு மாடிக் கட்டிடத்துக்குள் ஒரு சின்னக் கூண்டு மெதுவாக மேலே ஏறி, ஆறாவது மாடியில் நின்று, தன் கதவைத் தானே திறந்துகொண்டது.

"லிஃப்ட் இல்லாம அவருக்கு ஊரே கிடையாது" என்றாள் பெருமையாக.

சின்னவள் ஐந்து வருஷம் பெட்டி வரையப் படித்தவள், பெரிய பெரிய பரிசு வாங்கிய பெட்டிகளையெல்லாம் பார்த்தவள். அட்டைக்கு இவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். கோயிலுக்குள் போனவள் மாதிரி குரல் தானாகத் தணிந்துவிட்டது.

"இது எல்லாம் அந்தப் பெட்டியா?"

"முப்பத்தெட்டு பெட்டி. ஒரு துண்டைத் தூக்கிப் போட விடமாட்டார்."

ஊரின் நடுவில் ஒரு தாழ்ந்த கட்டிடம். மற்ற வீடுகளின் அலங்காரம் எதுவும் அதற்கு இல்லை. நீளமான கூரை, மடக்குக் கதவு, நாலு ஜன்னல். மூன்றாவது ஜன்னலில் மட்டும் கண்ணாடித் தாளுக்குப் பதில் ஒரு அட்டைத் துண்டை வைத்து அடைத்திருந்தது.

சின்னவள் தரையில் கன்னம் படும்படி குனிந்து முதல் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். ஒரு நீள மேசை. மேசையைச் சுற்றி ஐந்து முக்காலி, நகத்தளவு. கோடி முக்காலிமேல் ஒரு துணுக்குத் துணியில் தைத்த மெத்தை. அந்தப் பக்கம் பஞ்சிங் மெஷின், அதன் சக்கரம் உட்பட. அட்டை வைத்து அடைத்த ஜன்னலுக்குக் கீழே, மற்றதையெல்லாம்விடச் சின்னதாக ஒரு முக்காலி. அதன் முன்னால் ஒரு வெள்ளைத் தாள்.

அந்த மூலையில் உட்கார்ந்துதான் சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படம் வரைவாள். மேலே இருந்த கண்ணாடியைப் பந்தடித்து உடைத்தவன் பெரியவன். அவள்மேல் வெயில் அடிக்கிறது என்று அன்றே அட்டையை வைத்து அடைத்தவனும் அவன்தான்.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதன் தான் கோபித்துக்கொண்டு வந்த வீட்டை முக்காலி முக்காலியாக நினைவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான்.

"என்னங்க, மயக்கமா?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"இல்லைங்க. பாத்துட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு."

"அந்தப் பட்டறையில அவர் ஒரு காலத்துல வேலை பாத்தாராம். அதுக்கு மேல கேட்டா பேச்சை மாத்திடுவார். இந்தப் பக்கம் பாருங்க, ஆத்தைப் பாக்கலையே நீங்க."

ஊரின் ஓரமாக ஒரு ஆறு ஓடியது. ஒரே அளவுள்ள அட்டைத் துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்வரை. ஒவ்வொன்றும் ஒரு பெட்டியின் அடிமடிப்பு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு மீன்.

ஒரே இழுப்பு. உடம்பும் வாலும்.

சின்னவள் எண்ணினாள். முப்பத்தாறு மீன், ஒரே திசையில் நீந்திக்கொண்டு. கடைசி இரண்டு அட்டையில் மட்டும் மீன் இல்லை. பென்சிலை அழுத்திப் பிடித்து இழுத்த இரண்டு குட்டைக் கோடுகள். மேசையில் இருக்கும் ஐந்து பேரில் யாருடைய அடையாளமும் அது இல்லை.

"மாசம் பெட்டி வந்ததும் மூடியைத் திறக்கமாட்டார். கவுத்துப் போட்டு அடியைத்தான் பிரிப்பார். மீனைப் பாத்ததும் முகம் அப்படியே மாறிடும். 'நல்லா இருக்காங்க'ன்னு தனக்குத்தானே சொல்லிப்பார். யாருன்னு கேட்டா மீனுன்னுவார்." அவள் குரல் தணிந்தது. "ரெண்டு மாசமா மீன் வரல. அன்னையிலேர்ந்து மனுஷன் சரியாவே சாப்பிடல. கம்பெனிக்கு ஃபோன் போட்டு, பெட்டி முன்ன மாதிரி இல்லையே, மடிக்கறவங்க யாராவது மாறிட்டாங்களான்னு கேட்டார். அவங்களுக்கு என்ன தெரியும்? உங்க குறையைப் பதிவு பண்ணிக்கிட்டோம்னாங்க."

ஆக, புகாரின் லட்சணம் இதுதான். ஒரு மகன் தன் அம்மா சுகமா என்று கேட்டான். கம்பெனி அதைக் கேட்டு, பெட்டிக்குப் புது டிசைன் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டது.

நான்தான் அவர் தங்கை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் விழுங்கிக்கொண்டாள். பெரியண்ணன் ரோஷக்காரன். ஒரு பெட்டிகூட வாசப்படி தாண்டாது என்று சொன்ன வாய், முப்பத்தெட்டுப் பெட்டியோடு பிடிபட்டது தெரிந்தால் அவமானத்தில் சந்தாவை நிறுத்தினாலும் நிறுத்திவிடுவான். இருக்கிற ஒரு நூலும் அறுந்துபோகும்.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "மீன் போடறவங்களுக்கு மணிக்கட்டுல அடி. விழுந்துட்டாங்க. இப்ப கட்டுப் பிரிச்சாச்சு. நல்லா சாப்பிடறாங்க, நல்லா திட்டறாங்க. அடுத்த பெட்டியில மீன் வரும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தோளில் தொங்கிய பைக்குள் பூப்பெட்டி இருப்பது ஞாபகம் வந்தது. அடிமடிப்பே இல்லாத பெட்டி.

வாசல்வரை வந்த அந்தப் பெண் சின்னவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார் சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"பெட்டிக்குப் படம் போடற பொண்ணுன்னு சொல்லுங்க."

"நீங்க டீ குடிப்பீங்கல்ல?"

"குடிப்பேனே. ஏன்?"

"அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றாள். "மூக்கு அச்சா அதே மூக்கு. நான் ஒண்ணும் கேக்கல, நீங்க போயிட்டு வாங்க. சனிக்கிழமை அவருக்கு லீவு."

லிஃப்ட் இருந்தும் சின்னவள் படியில் இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, "அண்ணி" என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

*

பஸ்ஸில் அவளுக்கு இரண்டு கேள்வி.

ஒன்று, என்ன செய்வது. பூப்பெட்டியைக் காட்டினால் ஆர்டர் கிடைக்கும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மீன் வராது. மீனுக்காகப் பூப்பெட்டியை விட்டால் ஆர்டரே போகலாம். ஆர்டர் போனாலும் மீன் வராது.

இரண்டாவது கேள்விதான் அவளை அதிகம் குடைந்தது. மேசையில் ஐந்து பேர், மாதம் இரண்டாயிரம் பெட்டி. அதில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்கு முப்பத்தாறு தடவையும் அம்மா மடித்ததே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

கம்பெனிக்காரம்மாவின் அறையில் நீள மேசை, அதில் ஒரு தம்ளர். ஊருக்கெல்லாம் தேயிலை விற்கிறவள் குடிப்பது வெந்நீர்.

முதல் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டாவதைப் பார்த்து, "மலை நல்லா இருக்கு" என்றாள். சின்னவள் மூன்றாவதை எடுத்து நாடாவை இழுத்தாள். நாலு சுவரும் சாய்ந்தன. அந்தம்மா வெந்நீரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுதான். இதுக்கு மேல பாக்கவேணாம்."

இத்தனை நாள் உழைப்புக்கு வேறு என்ன கூலி வேண்டும்? சின்னவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சுவர்களைத் திரும்ப நிமிர்த்தி நாடாவைக் கட்டினாள்.

"இது வேணாம் மேடம்."

"என்னது?"

"நான் பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்குப் போயிட்டு வரேன். அவருக்குப் பெட்டி பழசாச்சுன்னு குறை இல்ல. பெட்டியை மடிச்ச கை மாறிடுச்சுன்னுதான் கேட்டார்." அலமாரியில் இருந்த இந்த மாதப் பெட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அடியைப் பிரித்தாள். உள்ளே சின்னதாக ஒரு ஏணி. "இதைப் பாத்திருக்கீங்களா?"

அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எழுந்து போய் இன்னொரு பெட்டியை எடுத்துத் தானே பிரித்தாள். இலை. இன்னொன்று. நட்சத்திரம். நாலாவது பெட்டியையும் பிரித்தபோது சிறு பிள்ளை மாதிரி அவள் முகம் மலர்ந்திருந்தது.

"மூணு வருஷமா என் மேசையில இருக்கு" என்றாள். "நான் ஒரு தடவைகூடக் கவுத்துப் பாத்ததில்லையே."

சின்னவள் ஊரைச் சொன்னாள், ஆற்றைச் சொன்னாள். யார் வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே ஒரு தாளை இழுத்து வரைந்தாள். அடிமடிப்பில் ஒரு நீலக் கோடு, தண்ணீர். இந்த மாதக் கோடு முடியுமிடத்தில் அடுத்த மாதக் கோடு தொடங்கும். கிழித்து எடுக்கத் துளைவரிசை. மடித்தவர் தன் கையாலேயே அந்தத் தண்ணீரில் தன் அடையாளத்தைப் போடுவார். மீனோ, இலையோ, ஏணியோ. மாதம் ஒரு துண்டு ஆறு, ஒவ்வொரு வீட்டிலும்.

"வெளிய பாத்தா இதே பழுப்புப் பெட்டிதான். ஆனா தொட்டவங்க யாருன்னு தெரியும்."

"இது யார் யோசனை?"

"பத்தொன்பதாம் நம்பரோடது. நான் வரைஞ்சேன், அவ்வளவுதான்."

அந்தம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டாள். ஒரு கையில் பூப்பெட்டி, ஒரு கையில் ஏணி போட்ட அடிமடிப்பு.

"மனசு இந்தப் பக்கம் போகுது, அறிவு அந்தப் பக்கம் போகுது. திங்கக்கிழமை சொல்றேன். அதுக்குள்ள ஆத்துக் கோடு போட்ட பெட்டி ஒண்ணே ஒண்ணு செஞ்சு அனுப்புங்க. வேற எங்கயும் வேணாம், அந்தப் பத்தொன்பதாம் நம்பருக்கே போகட்டும். அவர் என்ன சொல்றார்னு பாப்போம்." மேசை இழுப்பறையிலிருந்து அந்த நம்பருக்கான விலாசச் சீட்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள்.

*

பட்டறைக்கு வந்தபோது ஐந்தரை. மடிக்கிறவர்கள் கிளம்பியிருந்தார்கள். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை சொல்றாங்களாம்" என்றாள் சின்னவள். "பூப்பெட்டி வேணாம்னு நானே சொல்லிட்டேன்."

அவன் எண்ணெய்க் குப்பியோடு திரும்பிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் திரும்பவும் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

அவளே ஒரு அட்டையை வெட்டி, துளைவரிசை போட்டு, நீலக் கோட்டை வரைந்து, பத்தொன்பதாம் நம்பர் சீட்டோடு அம்மா முன்னால் வைத்தாள்.

"இதை மட்டும் நீ மடிம்மா. நான் காலையில பாத்துட்டு வந்த வீட்டுக்குப் போகுது. முடியுமா?"

அம்மா ரப்பர் பந்தை வைத்துவிட்டு வந்தாள். இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை மெல்ல மடித்தது. முன்பெல்லாம் கண் தொடர முடியாத வேகம். இன்று ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. மூலைகள் அப்படியே உட்கார்ந்தன. சின்னவள் இருபது வருஷமாகப் பார்த்த வேலைதான். இன்றுதான் பார்க்கிறாள் என்று தோன்றியது.

பென்சிலை எடுத்து மீன் போட்டாள் அம்மா. வால் நடுங்கிப் பக்கவாட்டில் போய்விட்டது.

"கோணிடுச்சு" என்று ரப்பரைத் தேடினாள்.

"பரவால்லம்மா, விடு."

"பரவால்லையா? அவன் பாப்பான்."

"யாரு?"

அம்மா அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டாள். இந்தத் தடவை வால் நேராக வந்தது.

"இன்னும் டீ குடிக்கறதில்லையா அவன்?" என்றாள்.

சின்னவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"மொத மாசமே. சீட்டு ஒட்டறது நான்தானே. பத்தொம்பதாவது சீட்டுல பேரைப் பாத்தேன். அப்புறம் மாசாமாசம் அந்தச் சீட்டுக்கு நான் மடிச்ச பெட்டியைத் தனியா எடுத்து வெச்சுடுவேன்."

"மூணு வருஷமா விலாசம் கையில இருக்கு. ஒரு தடவை போயிருக்கலாமேம்மா."

"கூப்பிட்டாத்தானே போறது? அவன் கேட்டது பெட்டி. பெட்டியைக் குடுத்தேன்." மடித்த பெட்டியை உள்ளங்கையால் ஒரு முறை நீவினாள். "நல்லா இருக்கானா?"

"ஊரே கட்டி வெச்சிருக்கான்மா. லிஃப்ட்டெல்லாம் ஓடுது. நம்ம பட்டறையும் இருக்கு. உன் முக்காலிக்கு மெத்தை தெச்சுப் போட்டிருக்கான். கல்யாணம் பண்ணிக்கிட்டான். அண்ணி நல்லவங்க, நல்லா பேசறாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷத்தில்தான்.

அப்போதுதான் சின்னவளுக்கு அந்தக் கடைசி இரண்டு அட்டைகள் நினைவுக்கு வந்தன.

"நீ வராத ரெண்டு மாசம் சீட்டு ஒட்டினது யாரு?"

அம்மா பஞ்சிங் மெஷின் பக்கம் பார்த்தாள்.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். காதிடுக்கில் பென்சில். துடைத்த சக்கரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். மடிக்கிற மேசையில் ஒரு நாளும் உட்காராதவன், அதனால் தனக்கென்று அடையாளமே இல்லாதவன்.

"சின்னவளே" என்றான், திரும்பாமலே.

"என்னண்ணா?"

"அந்த ரெண்டு பெட்டி. மூலை சரியா உக்காந்திருந்துதா? எனக்கு மடிச்சுப் பழக்கமில்ல."

"உக்காந்திருந்துதுண்ணா. நீ ரெண்டு கோடு போட்ட அடியெல்லாம் அம்மா மீனோட ஆத்துல சேத்து வெச்சிருக்கான். தூக்கிப் போடல."

சக்கரத்தின்மேல் போய்வந்துகொண்டிருந்த துணி நின்றது.

அம்மா பெட்டியையும் விலாசச் சீட்டையும் அவன் பக்கமாகத் தள்ளினாள். "நாளைக்குக் காலையில கூரியர் வந்துடும். சனிக்கிழமை போய்ச் சேரணும். இதை நீயே ஒட்டு. அடியில என் மீனுக்குப் பக்கத்துல இடம் விட்டிருக்கேன், உன் ரெண்டு கோட்டையும் போடு."

அண்ணன் மேசைவரை வந்தான். நீலக் கோட்டையும் மீனையும் அதன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையும் குனிந்து பார்த்தான். காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"எண்ணெய்க் கையா இருக்கும்மா, பெட்டியில கறை படும்" என்று சொல்லி, பென்சிலை மீனுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.